நாற்காலிக் காலுக்கும் செருப்பு வேண்டும்: வீட்டிலேயே பேட் செய்யும் வழி

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து, நான்கு கால்களின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். நான் முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது, ஒரு காலில் வாங்கும்போதே ஒட்டி வந்த பேட் (தரை கீறாமலும் சத்தம் வராமலும் இருக்கக் காலடியில் ஒட்டும் மெத்தைத் துண்டு) பாதி நகர்ந்து, கறுப்புப் பிசின் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது காலில் பேட்டைக் காணோம். மூன்றாவதில் யாரோ எப்போதோ அடித்த பிளாஸ்டிக் குமிழ் தேய்ந்து, உள்ளே இருந்த ஆணித் தலை பளபளவென்று தெரிந்தது. நான்காவது காலில் பேட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தலைமுடி, மணல், போதாததற்கு ஒரு கடுகு.

அப்படிப் பார்க்க வைத்தவர் கீழ் வீட்டு அக்கா. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். 2020 மார்ச் 18-இல் கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம் இல்லையா, அதிலிருந்து எங்கள் நாற்காலிகளுக்கு ஓய்வே இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பும் எனக்கு வேலையும் அந்த ஒரே மேசையில்தான். இரண்டாவது வாரத்தில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது: "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல உங்க வீட்டுல பந்தி நடக்குதா?" கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலேயே நாற்காலியைக் கவிழ்த்தேன்.

கடையில் விற்கும் ஒட்டு பேட் இருக்கும்போது எதற்கு வீட்டில் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். அவசரத்துக்கு அதை வாங்குங்கள், தப்பே இல்லை. நம் ஊர் வெக்கையும் ஈரமும் அந்த மெல்லிய ஒட்டுப் பசைக்கு ஆகாது என்பதுதான் சிக்கல். தினமும் தரை துடைக்கிற வீட்டில் ஈரம் ஓரமாக ஏறும், பசை இளகும், நாற்காலியை இழுக்க இழுக்க பேட் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். கடைசியில் கால் தரையில் இருக்கும், பேட் சோபாவுக்கு அடியில் கிடக்கும். நாமே அளவெடுத்து, நல்ல பசை போட்டுச் செய்தால் அதைவிட நெடுநாள் நிற்கும். செலவும் கம்மி.

நகரும் கால், நிற்கும் கால்

துணியையும் கத்தரியையும் எடுப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தச் சாமான் தினமும் நகர்கிறது, எது வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பேட் ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு. நானும் செய்திருக்கிறேன்.

நகரும் காலுக்கு வழுக்க வேண்டும். சாப்பாட்டு நாற்காலி, பிள்ளைகள் படிக்கும் நாற்காலி, முக்காலி, இவற்றுக்கு ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அமுக்கிச் செய்த தடித்த துணி), கம்பளி, ஜீன்ஸ் மாதிரித் துணி வகைகள். நிற்கும் காலுக்குப் பிடிக்க வேண்டும். சோபா, கட்டில், அலமாரி, கிரைண்டர், இவற்றுக்கு ரப்பர் வகைகள். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ரப்பர் ஒட்டிய நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கால் தரையைப் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்தவர் நாற்காலியோடு சாயப் பார்ப்பார். ஃபெல்ட் ஒட்டிய சோபாவோ ஒவ்வொருவர் உட்காரும்போதும் அரை அங்குலம் பின்னால் போய், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிவதற்குள் சுவரை முட்டி நிற்கும்.

கீறுவது எது?

பலரும் பாரத்தால்தான் தரை கீறுகிறது என்று நினைக்கிறார்கள். பாரம் தரையில் குழி போடும். கீறுவது பெரும்பாலும் மணல். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அந்த அளவுகோலில் சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பளிங்கு வெறும் 3. டைல்ஸ் மேல்பூச்சு பெரும்பாலும் 5, 6 என்று நிற்கும். ஆக, நாற்காலிக் காலுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், நாம் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் அது உளி மாதிரி வேலை செய்யும். வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிற பழக்கம் நம் வீடுகளைப் பாதி காப்பாற்றுகிறது. மீதிப் பாதி காற்றிலும், பள்ளிக்கூடப் பையிலும், பக்கத்தில் புதிதாக எழும்பும் கட்டடத்திலிருந்தும் வந்துவிடும்.

பாரத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உட்காருகிறவரும் நாற்காலியுமாகச் சேர்ந்து 75 கிலோ என்றால் ஒரு காலுக்குச் சுமார் 19 கிலோ. கால் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை மரமாக இருந்தால் அடிப்பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.7 கிலோ அழுத்தம், பரவாயில்லை. அதே நாற்காலிக்கு 22 மில்லிமீட்டர் இரும்புக் குழாய்க் கால், ஒரு மில்லிமீட்டர் கனம், அடியில் இருந்த ரப்பர் தொப்பி தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். தரையைத் தொடுவது அந்த மெல்லிய வளையம் மட்டும்தான். அழுத்தம் 28 கிலோவுக்கு எகிறிவிடும், அதாவது பத்து மடங்கு. பார்க்கே என்னும் மரப் பலகைத் தரையில் பிறை பிறையாக விழுந்திருக்கும் தழும்புகள் இப்படி வந்தவைதான். பையன்கள் இரண்டு காலில் சாய்ந்து ஆடுவார்களே, அப்போது அதுவும் இரட்டிப்பாகும்.

உங்கள் தரை என்ன தரை?

டைல்ஸ் என்றால் கவலை குறைவு. ஃபெல்ட், ரப்பர் எதுவும் ஆகும். பளபளப்பான டைல்ஸில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம்; பெரும்பாலும் அது கீறல் இல்லை, இரும்புக் கால் உரசித் தன் நிறத்தை விட்டுப்போன தடம். சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேய்த்துப் பாருங்கள்.

பார்க்கே பலகைத் தரையும் பழைய வீடுகளின் மாடிப் பலகைத் தரையும் குழி விழும் வகை. ஃபெல்ட் கொஞ்சம் கனமாக வேண்டும். ரப்பர் நேரடியாகப் படக் கூடாது. சில வார்னிஷ் பூச்சுகளில் அது கறையோ ஒட்டலோ உண்டாக்கும்.

லேமினேட், அதாவது அமுக்கிய மரத்தூள் பலகைமேல் மரப் படம் ஒட்டிய தரை. அதன் மேற்பரப்பு கெட்டியானது. அதற்கு ஆகாதது தண்ணீர். இணைப்பு வழியாக இறங்கினால் ஓரம் உப்பிவிடும். அதனால் அங்கே ஈர ஃபெல்ட் கூடாது. துடைத்த தரை காய்ந்த பிறகுதான் நாற்காலியை இறக்க வேண்டும்.

வினைல் தரையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் அதில் காசு இழந்தவன் நான். இப்போது பல கொண்டோமினிய அடுக்குமாடி வீடுகளில் மரம் மாதிரி தெரியும் தரை பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக் அல்லது அதன் தம்பியான, கல் தூள் கலந்த எஸ்.பி.சி. பலகை. முந்தைய வாடகை வீட்டில் அப்படி ஒரு தரை. கட்டில் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அழகாக வைத்தேன். இரண்டு வருடம் கட்டில் அசையவில்லை, கிரீச் என்ற சத்தமும் இல்லை. வீடு காலி செய்யும் நாளில் கட்டிலை நகர்த்தினால், நான்கு இடத்திலும் தேநீர் கொட்டிக் காய்ந்த நிறத்தில் சதுரம் சதுரமாகக் கறை. சோப்பு, எலுமிச்சை, ஸ்பிரிட், எதற்கும் அசையவில்லை. ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல வினைலுக்குள் இறங்கி நிறம் மாற்றிவிடுகிறது. கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. இரண்டு மாத வாடகை முன்பணம் கொடுத்திருந்தோம். வீட்டுக்காரர் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். என்ன வாதாடுவது, தடயம்தான் தரையிலேயே இருக்கிறதே. ஆகவே வினைலில் ரப்பர் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் ரப்பர் பூசிய கால்மிதியும் அதே வேலையைச் செய்யும்.

பினாங்கில் ஜோர்ஜ்டவுன் பக்கம் பழைய கடைவீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் மாமா வீட்டில் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ் தரை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜோர்ஜ்டவுன் சேர்ந்ததிலிருந்து அந்தத் தரையைப் படமெடுக்க வாசலில் நிற்கிறவர்களுக்குக் குறைவில்லை. அந்த டைல்ஸுக்கு மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறம் கலந்த சிமெண்ட்தான் மேற்பரப்பு. எண்ணெய், சாயம் எல்லாவற்றையும் குடிக்கும். அங்கே சிவப்பு, கறுப்பு ஃபெல்ட் ஒட்டினால் ஈரம் படும்போது சாயம் இறங்கிவிடும். சாயம் போடாத வெள்ளை அல்லது சாம்பல் ஃபெல்ட்தான் சரி. எலுமிச்சை, வினிகர் பக்கமே போகாதீர்கள், புளிப்பு சிமெண்டை அரிக்கும். பளிங்குத் தரைக்கும் இதே எச்சரிக்கை.

வீட்டில் என்ன இருக்கிறது?

நல்ல பேட்டுக்கு முதல் தேர்வு கம்பளி ஃபெல்ட். நெய்த துணி மாதிரி நூல் நூலாக இல்லாமல் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட துணி அது. எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது. கேமரன் மலைக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுக்கும் கம்பளிச் சட்டை ஒன்று அலமாரியில் பூச்சி அரித்துக் கிடந்தால் அதிர்ஷ்டம். சுத்தமான கம்பளியா என்று உள்ளே தைத்திருக்கும் சீட்டில் பாருங்கள். சுடுதண்ணீரில் துணி துவைக்கும் எந்திரத்தில் ஒரு முறை, தேவைப்பட்டால் இரண்டு முறை போட்டால் சுருங்கித் தடித்து ஃபெல்ட் ஆகிவிடும். அக்ரிலிக் சட்டை எத்தனை முறை போட்டாலும் சட்டையாகத்தான் வெளியே வரும்.

அது இல்லாவிட்டால் கைவினைக் கடைகளில் தாள் தாளாக விற்கும் ஃபெல்ட் இருக்கிறது. அது பெரும்பாலும் பாலியஸ்டர், மெல்லியது, மூன்று தாள் அடுக்கி ஒட்ட வேண்டிவரும். கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடைகளில் கனமான துண்டுத் துணி கேட்டுப் பாருங்கள். புடவை எடுக்கப் போன இடத்தில் சோபா உறைத் துணி கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பார்.

பழைய ஜீன்ஸ் இரண்டாம் தேர்வு. தனியாக ஒட்டினால் ஓரம் பிரியும், ஆனால் உறையாகத் தைத்தால் அருமை. தேய்ந்துபோன மௌஸ் பேட் பலருக்குத் தோன்றாத பொருள்: ஒரு பக்கம் துணி, மறுபக்கம் ரப்பர். ரப்பர் பக்கத்தைக் காலில் ஒட்டி, துணிப் பக்கம் தரையைத் தொடும்படி வைத்தால் சத்தத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை. தோல் பெல்ட்டும் ஆகும், கரடான பக்கம் கீழே இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் நிற்கும் கால்களுக்கு ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர் செருப்பு. ஆமாம், குளியலறைக்குப் போட்டுப்போகும் அதே சிலிப்பர்தான். வார் அறுந்ததும் தூக்கிப் போடாமல் குதிகால் பக்கம் தேயாத இடத்தில் வெட்டினால் ஒரு ஜோடியில் ஒரு சோபாவுக்குப் போதுமான துண்டு கிடைக்கும்.

வேண்டாதவை: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒரு வாரத்தில் அப்பளமாகிவிடும். தேங்காய் நார் கால்மிதி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அட்டைப்பெட்டித் துண்டு ஈரம் குடித்து, கரப்பானுக்கு விருந்து வைக்கும். டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டுவது வேலைக்கு ஆகும். ஆனால் மனைவி சம்மதிக்க வேண்டும்.

ஒட்டும் பேட்

அடி தட்டையாக இருக்கும் மரக் கால்களுக்கு இது. பழைய பேட்டையும் பிசினையும் முதலில் எடுக்க வேண்டும். முடி உலர்த்தியால் கொஞ்சம் சூடு காட்டி, பழைய வங்கி அட்டையால் சுரண்டினால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சப் பிசினுக்கு நீலகிரித் தைலத்தில் நனைத்த துணி. தைலத்தின் எண்ணெய் இருந்தால் புதுப் பசை பிடிக்காது, அதனால் அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளால் அடியைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஆணித் தலையோ பிளாஸ்டிக் குமிழோ இருந்தால் குறடால் பிடுங்கிவிடுங்கள். ஆணியை விட்டுவிட்டு மேலே ஃபெல்ட் ஒட்டுவது, செருப்புக்குள் முள்ளை வைத்துத் தைப்பது மாதிரி. ஃபெல்ட் தேய்ந்த அன்று அது தரையைக் கிழிக்கும்.

காலின் அடியில் ஒரு காகிதத்தை வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டும்போது அந்தக் கோட்டுக்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். பேட் காலைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துடைப்பம் அதில் மாட்டும், ஓரம் கிளம்பும், ஒரு மாதத்தில் உரிந்துவிடும். கனம் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் போதும். நான்கு காலுக்கும் ஒரே துணியில், ஒரே கனத்தில் வெட்டுங்கள். மூன்று புதுசும் ஒரு பழசுமாக விட்டால் நாற்காலி ஆடும்.

பசைக்கு, செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை. ஹார்ட்வேர் கடைகளில் சின்ன டின்னிலும் டியூபிலும் கிடைக்கும். புதியவர்கள் ஒரு பக்கம் தடவி உடனே ஒட்டிவிடுவார்கள். இந்தப் பசை அப்படி வேலை செய்யாது. காலின் அடியிலும் ஃபெல்ட்டிலும் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஃபெல்ட் பசையைக் குடித்துவிடும், அதற்கு மட்டும் இன்னொரு முறை தடவுங்கள். விரலால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. அப்போது ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது, அதனால் வைக்கும்போதே நேராக வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, சுத்தியலின் பிடியால் நாலு தட்டு. நாற்காலியை இரவு முழுக்கக் கவிழ்த்தே வையுங்கள்.

மழை கொட்டும் சாயங்காலத்தில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பசை காயும்போது மேலே ஈரம் படிந்து ஒட்டும் சக்தி குறைந்துவிடும். வெயில் அடிக்கும் முற்பகல்தான் நல்ல நேரம். சன்னலைத் திறந்து வையுங்கள். அந்த வாசம் தலை சுற்ற வைக்கும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும். சாமி அறை விளக்கு எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள்.

சூப்பர் குளூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அதான் எல்லாத்தையும் ஒட்டுமே" என்று நானும் நினைத்தேன். ஜீன்ஸ் துண்டில் தாராளமாக ஊற்றி, காலில் வைத்து விரலால் அழுத்தினேன். இரண்டு விநாடியில் மெல்லிய புகை, விரல் நுனியில் சுரீர். பருத்தி, கம்பளி இரண்டிலும் அந்தப் பசை பட்டால் வேகமாக இறுகி, அந்த வேகத்தில் சூடு கிளப்பும். தோல் புண்ணாகும் அளவுக்கு. அதோடு காய்ந்ததும் அது கண்ணாடி மாதிரி கெட்டியாகி, இழுபடும்போது உடைந்துவிடும். குளூ கன்னும் இதற்குச் சரிப்படாது, வழவழப்பான காலிலிருந்து தகடு மாதிரி உரிந்து வந்துவிடும்.

தைக்கும் உறை

இரும்புக் குழாய்க் கால், சாய்வாக இறங்கும் கால், பிளாஸ்டிக் நாற்காலி, இந்த மூன்றுக்கும் ஒட்டும் பேட் சரிவராது. குழாயில் ஒட்ட இடமே இல்லை. சாய்ந்த காலில் பேட்டின் ஒரு ஓரம் மட்டும் தரையைத் தொட்டுத் தேயும். பிளாஸ்டிக் நாற்காலிகள் பெரும்பாலும் பாலிபுரோபிலின். சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. தண்ணீர்ப் போத்தல் மூடியைக் காலில் மாட்டி அடியில் ஃபெல்ட் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த மூடிக்கும் இதே கதைதான்.

இவற்றுக்கு உறை தைப்பதே வழி. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் காலுக்கு அளவு சொல்கிறேன், மற்றவற்றுக்கு நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஜீன்ஸ் துணியில் 11 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை. 4.5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். பட்டையின் இரண்டு முனையையும் முக்கால் சென்டிமீட்டர் விட்டுத் தைத்தால் குழாய் மாதிரி வரும். வட்டத்தை அதன் ஒரு வாயில், அதே முக்கால் சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தையுங்கள். மேல் வாயை மடித்து அதற்குள் எலாஸ்டிக் நுழைத்துவிடுங்கள். திருப்பி, அடியில் ஒரு ஃபெல்ட் வட்டத்தைப் போட்டுக் காலில் மாட்ட வேண்டியதுதான். ஜீன்ஸ் மிகவும் தடிமனாக இருந்தால் அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். என் முதல் உறை காலில் ஏறவே இல்லை.

இரும்புக் குழாய்க் கால் என்றால் முதலில் புது ரப்பர் தொப்பி அல்லது பிளாஸ்டிக் மூடி மாட்டிவிட்டு, அதன் மேல் உறை. நேராகப் போட்டால் அந்த வளைய விளிம்பு பிஸ்கட் அச்சு மாதிரி துணியை வட்டமாக வெட்டி எடுத்துவிடும். தையல் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக் காலுறை இருக்கிறது. ஜோடி தொலைந்த காலுறை இல்லாத வீடு உண்டா? நுனியை எட்டு சென்டிமீட்டருக்கு வெட்டி, இரண்டாக மடித்து மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டால் சில வாரம் ஓடும். அழகு பார்க்காதீர்கள்.

அலமாரி, கட்டில், கிரைண்டர்

கனமான சாமானுக்கு பேட் வைப்பதைவிட, வைப்பதற்காகத் தூக்குவதுதான் கஷ்டம். அலமாரியைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள். புடவைகளோடு தூக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கத்தை விரலளவு மட்டும் உயர்த்திப் பிடிக்க, மற்றவர் பேட்டை ஒரு அளவுகோலால் உள்ளே தள்ள வேண்டும். கையை அடியில் விடக் கூடாது. உயரமான அலமாரியைத் தனியாகச் சாய்ப்பது ஆபத்து. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் வந்துவிடுவார்.

இந்தக் கால்களுக்குப் பசை தேவையில்லை, பாரமே பிடித்துக்கொள்ளும். டைல்ஸ், சிமெண்ட் தரைக்கு சிலிப்பர் துண்டு. பலகை, வினைல் தரைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஃபெல்ட், காலைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக. இங்கே பேட் வெளியே நீட்டலாம், நகராத கால்தானே. பாரம் பரவினால் குழி ஆழமாகாது. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நான்கு காலுக்கும் அடியில் பழைய கம்பளத்தையோ தடித்த துவாலையையோ செருகி, துணியைப் பிடித்து இழுங்கள், அலமாரியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கிரைண்டர் மாவரைக்கும்போது அதிர்வில் மெல்ல நடக்கும். அதற்கும் சிலிப்பர் துண்டுதான், ஆனால் மாவும் தண்ணீரும் சிந்துகிற இடம் என்பதால் வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை

பேட் ஒட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று விட்டால் பழைய கதைதான் திரும்பும். ஃபெல்ட் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் போகப் போக பேட்டே உப்புத்தாளாக மாறிவிடும். மாதம் ஒருமுறை நாற்காலிகளைக் கவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பேட்டைத் துலக்குங்கள். சுற்றியிருக்கும் முடியை ஊசியால் எடுங்கள். உறை என்றால் கழற்றித் துவைத்துவிடலாம், அதனால்தான் எனக்கு உறைமேல் பிரியம் அதிகம். ஃபெல்ட் ஒரு மில்லிமீட்டராக நசுங்கி, கை வைத்தால் தகடு மாதிரி இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தரை துடைக்கும்போது நாற்காலிகளைத் தள்ளித் தள்ளித் துடைக்காதீர்கள். சாப்பாட்டுக் கடை மூடும் நேரத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைப்பார்களே, அப்படி வைத்துவிட்டுத் துடையுங்கள். முதலில் துடைப்பம், பிறகுதான் ஈரத் துணி. மணல் கிடக்கும் தரையில் ஈரத் துணியை இழுப்பதும் ஒரு வகையில் கீறுவதுதான். பேட் நனையாமல் இருப்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

அளவெடுத்த காகிதங்களை எறிந்துவிடாதீர்கள். எந்த நாற்காலி, எந்தத் துணி, எந்தத் தேதியில் ஒட்டியது என்று அதிலேயே எழுதி வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் தேவைப்படும் அன்று கிடைக்காது. நான் சாப்பாட்டு மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுக் குனிந்தால் கண்ணெதிரே இருக்கும்.